கொஞ்சம் நகருங்க

"ஐயா, ஒரே ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் நகர்ந்துக்கிறீங்களா?"

சத்தியபிரியா இப்படிக் கேட்பது மூன்றாவது முறை. ஓடையில் முழங்கால் தண்ணீரில், இடுப்பில் கைவைத்து நின்றிருந்த மூக்கையா மூன்றாவது முறையும் அதே பதிலைத்தான் சொன்னார்.

"முடியாதும்மா. சோலி கெடக்கு."

சோலியாம்! அவள் வந்து முக்கால் மணி நேரம் ஆகிறது. மனிதர் ஒரு கேரட்டைக்கூடத் தொடவில்லை. அவருக்குப் பக்கத்திலேயே, கரையோரக் கல்குழியில், ஐந்து பெண்கள் குந்தி உட்கார்ந்து மூட்டை மூட்டையாகக் கேரட் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும் நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றார்.

சத்தியபிரியா திண்டுக்கல்லில் ஆசிரியை. லீவு கிடைத்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு மலையேறிவிடுவாள். பூம்பாறைக்குக் கீழே இந்த ஓடை, கல்குழியைத் தாண்டியதும் அருவியாக விழுகிறது. லென்ஸில் கறுப்புக் கண்ணாடி மாட்டி முப்பது விநாடி திறந்து வைத்தால், ஓடுகிற தண்ணீர் பாலாவி மாதிரி படத்தில் படியும். சாயங்காலத்துக்குள் அப்படி ஒரு படத்தைப் போட்டிக்கு அனுப்ப வேண்டும். மேட்டில் மூடுபனி வேறு இறங்கத் தொடங்கியிருந்தது.

பெண்களைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. அசைந்துகொண்டே இருப்பவர்கள் அந்தப் படத்தில் விழமாட்டார்கள். அசையாத ஆள்தான் தொல்லை.

"வேலம்மாக்கா, உங்க வீட்டுக்காரர்கிட்ட நீங்களாவது சொல்லுங்களேன்."

வேலம்மா கையை நிறுத்தவில்லை. "அவரு நகர மாட்டாரு தாயி. ரெண்டு மாசமா இதே எடத்துலதான் நிக்கிறாரு. நாங்க கழுவுவோம், அவரு வேடிக்கை பாப்பாரு. அப்பிடித்தானங்க?"

"அப்பிடித்தான், அப்பிடித்தான்" என்றார் மூக்கையா.

பெண்கள் சிரித்தார்கள். சத்தியபிரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வீடு இப்படி ஒருவர் இருப்பார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

வேறு வழியில்லாமல் அவரோடு சேர்த்தே எடுத்தாள். முப்பது விநாடியும் மனிதர் ஆடவில்லை, அசங்கவில்லை.

படத்தைப் பார்த்ததும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஓடை முழுக்க வெண்மேகம். பெண்கள் இருந்த இடத்தில் லேசாகப் புகைபோல ஏதோ தெரிந்தது, அவ்வளவுதான். மூக்கையா மட்டும் மீசை முடி எண்ணுகிற அளவுக்குத் தெளிவாக இருந்தார். கால்களை நுரை மறைத்திருந்ததால் மேகத்தின்மேல் நிற்பதுபோல் இருந்தது.

குழி ஓரமாக வந்து பெண்களிடம் காட்டினாள்.

"ஏ வேலம்மா, ஒன் வீட்டுக்காரரு பழனியாண்டவர் கணக்கா நிக்கிறாரு. கையில வேல் ஒண்ணுதான் கொறையுது" என்றாள் பக்கத்தில் கழுவிக்கொண்டிருந்த தேவசேனா. "ஆமா, எங்களை எங்கம்மா காணோம்?"

"வேலை பார்த்துக்கிட்டே இருந்தீங்கல்லக்கா? அசையாம நிக்கிறவங்க மட்டும்தான் இதுல விழுவாங்க."

"நல்ல கேமராவா இருக்கே. வேலை பாக்குறவளை எல்லாம் அழிச்சிப்புட்டு, சும்மா நிக்கிற ஆம்பளையை மட்டும் எடுத்திருக்கு."

அந்த வார்த்தை சத்தியபிரியாவுக்குப் பிடித்துப்போனது. நடுவர்கள் இதைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்வார்கள். படத்தைப் போனுக்கு மாற்றி, 'மேஸ்திரி' என்று தலைப்புக் கொடுத்தாள். அதற்குக் கீழே, 'உழைத்தவர்கள் மறைந்தார்கள், நின்றவர் நிலைத்தார்' என்று ஒரு வரி. நல்லவேளையாக டவர் இருந்தது. அனுப்பிவிட்டாள்.

ட்ரைபாடை மடக்கும்போது கடைசி மூட்டையையும் கட்டி மேலே ஏற்றியிருந்தார்கள். பெண்கள் ஒவ்வொருவராகக் கரையேறினார்கள். கடைசியாக ஏறிய வேலம்மா திரும்பிக் குழியை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரல் கொடுத்தாள்.

"எல்லாரும் ஏறியாச்சு. வெரசா வாங்க."

மூக்கையா கரையோர வேரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கி வைத்தார். மறுகால் மரத்துப்போய் வரவில்லை. இன்னொரு கையால் அதைப் பிடித்து இழுத்தார். முழங்காலுக்குக் கீழே தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது.

அந்தக் காலும் மேலே வந்ததுதான் தாமதம், இவ்வளவு நேரம் குழியின் வாயை அடைத்து அவர் தண்ணீருக்குள் மிதித்துப் பிடித்திருந்த பலகை எகிறி வந்தது. ஓடை அப்படியே குழிக்குள் திரும்பியது. பெண்கள் குந்தியிருந்த இடத்தில் கிடந்த கேரட் தழை அத்தனையையும் ஒரே இழுப்பில் வாரிக்கொண்டு போய் அருவியில் கொட்டியது.

சத்தியபிரியா தன்னையறியாமல் இரண்டடி பின்வாங்கினாள்.

வேலம்மா கணவரை மூட்டைமேல் உட்காரவைத்து, முந்தானையால் அவர் காலைப் பரபரவென்று தேய்த்தாள்.

"பலகைக்கு முட்டுக் குடுத்த பாறை போன மழையில உருண்டு போயிருச்சு தாயி. அன்னையிலேருந்து இவருதான் பாறை."

பிறகு, தேய்ப்பதை நிறுத்தாமலே சொன்னாள்:

"நீங்க கேட்டப்ப இவரு நகந்திருந்தாருன்னா, ஒங்க படத்துல மட்டும் இல்ல, ஊருக்குள்ளயும் எங்க அஞ்சு பேரைக் காணோம்னு தேடியிருப்பாங்க."