ஒண்டரை

ஒலுவில் மீனவர் சங்க அறையில் மூன்று பேர் இருக்கிறார்கள். மேசைக்குப் பின்னால் செயலாளர் ஜவுபர், ஜன்னலோரம் கணக்கெடுக்க வந்த பஸ்மியா, கதவடிக் கதிரையின் நுனியில் சரீபா. சரீபாவின் கணவர் போன போட் மாரிக் கடலிலிருந்து திரும்பவில்லை. வெளியே மழை இருட்டு. அலை கல்லணையில் மோதும் ஒவ்வொரு தரமும் ஜன்னல் கண்ணாடி மெல்ல நடுங்குகிறது. வயது, பிள்ளைகள் என்று எழுதி வந்த பஸ்மியாவின் பேனா திருமண நிலைக் கட்டத்தில் நிற்கிறது. கணவர் உயிரோடு இருந்தால் ஒன்று, மௌத்தானால் இரண்டு. இரண்டுக்குத்தான் உதவி வரும்.

"நடுவுல ஒண்டரை எண்டு போடன் புள்ள," என்கிறார் ஜவுபர். அவருடைய சிரிப்பு பாதியிலேயே வற்றுகிறது. "ஏலா மாமா. வயசெண்டா அளவு, அதுல அரையும் காலும் இருக்கும். இது வகை. இந்த ஒண்டும் ரெண்டும் பேர் மாதிரித்தான், நடுவுல ஒண்டுமில்ல." சொன்ன பிறகு பஸ்மியாவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. சரீபா நீல முந்தானையின் விளிம்பை விரலில் சுற்றுகிறாள், அவிழ்க்கிறாள். "ரெண்டப் போடு மகள்." பேனா தாளில் கீறும் சத்தம் கேட்கிறது. ஜவுபர் தாளைச் சங்கத்தின் கடிதத்தோடு உறையிலிட்டு, ஒட்டி, உள்ளங்கையால் அழுத்தி, கல்முனைக்குப் போக வாசலில் நிற்கும் ஓட்டோக்காரரிடம் நீட்டுகிறார். "காக்கா, என்னையும் அதுலயே ஊட்டடியில எறக்கிவிடச் சொல்லுங்க," என்று ஜவுபரிடம் சொல்லிச் சரீபா எழும்புகிறாள். "இனி நான் இத்தாவுல. புருசன் மௌத்தானவ நாலு மாசம் பத்து நாள் ரோட்டால நடக்கப்படா."