விளக்கு மட்டும் எரிந்தது

முன்விளக்கு பளிச்சென்று எரிந்தது. சக்கரம் மட்டும் அசையவில்லை.

மெக்கானிக் கரண்ட் பெட்டியின் குமிழைக் கடைசிவரை திருகிப் பார்த்தார். துணி வெட்டும் நீள மேசையின் மேல், இரண்டு கஜம் தண்டவாளத்தில், முழங்கை நீளத்துக்கு அந்தக் கறுப்பு பொம்மை ரயில் எஞ்சின் பிடிவாதமாக நின்றது.

“ஓடலையேம்மா.”

“நல்லாப் பாத்து நீங்களே சொல்லுங்க சார்” என்றார் தையல்காரம்மா. கழுத்தில் அளவு நாடா தொங்க, ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவர் தலை நிமிரவில்லை.

இதுவும் போச்சா என்று மெக்கானிக்குக் கசந்தது. பஸ் டிப்போவில் வேலை பார்ப்பவர் அவர். வீட்டின் பின்புறம் சுற்றிவரத் தண்டவாளம் போட்டு, மலிவாகக் கிடைத்த நான்கு பெட்டிகளையும் நிறுத்தி வைத்திருந்தார். இழுக்கத்தான் ஆளில்லை. அந்த அளவில் புது எஞ்சின் வாங்க ஒரு மாதச் சம்பளம் வேண்டும். அவர் சிறுகச் சிறுகச் சேர்த்தது அதில் கால் பங்கு.

மூன்று மாதமாக மலிவு எஞ்சின் தேடி அலைந்ததில் செருப்புத்தான் தேய்ந்தது. முதலில் வாங்கியது படத்தில் பெரிதாக இருந்தது. வந்து சேர்ந்தபோது சட்டைப் பைக்குள் அடங்கிவிட்டது. அடுத்ததைச் சின்னப் பழுதுதான் என்று சொல்லி விற்றார்கள். திறந்து பார்த்தால் பல்சக்கரம் இரண்டாகப் பிளந்து கிடந்தது. தெரிந்தே தலையில் கட்டிவிட்டான் பாவி என்று ஒரு வாரம் சாப்பாட்டு வேளையிலும் திட்டினார். மூன்றாவதை, இவர் இரண்டு பஸ் மாறிப் போவதற்குள் வேறொருவர் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

“இழுக்க ஆளில்லாத ரயிலுக்கு நீங்கதான் எஞ்சின்” என்று மனைவி சிரிப்பார். அவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் குனிந்து பெட்டிகளைக் கையால்தான் தள்ளிக்கொண்டிருந்தார்.

சற்று முன்பு மெக்கானிக் உள்ளே நுழைந்தபோதுதான் ஒரு மீசைக்காரர் இதே எஞ்சினைப் பார்த்துவிட்டு, மோட்டார் செத்துவிட்டது, காயலான் கடை விலைக்கென்றால் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் வருவதாகவும் சொன்னார். அவர் படியிறங்கியதும் தையல்காரம்மா ஒரு துணியால் எஞ்சினைத் துடைத்தார். டிரைவர் நிற்கும் அறைக்குள்ளும் விரலை விட்டுத் துடைத்துத்தான் மறுபடி தண்டவாளத்தில் வைத்தார்.

மெக்கானிக் இப்போது அதே அறைக்குள் விரலை விட்டார். விரல் நுனியில் ஒரு பொடி சுவிட்ச் தட்டுப்பட்டது.

அவருக்கு அது தெரிந்த சங்கதிதான். சுவிட்ச் ஒன்றில் நின்றால் விளக்கு மட்டும் எரியும். இரண்டுக்குத் தள்ளினால்தான் மோட்டாருக்குக் கரண்ட் போகும். அது ஒன்றில் நின்றது.

எஞ்சினுக்கு ஒரு கோளாறும் இல்லை. மீசைக்காரர் சாயங்காலம் எதற்கு வருகிறார் என்பதும் விளங்கியது.

“எவ்வளவு தருவீங்க சார்?” என்று கேட்டார் தையல்காரம்மா. “எங்கண்ணன் வச்சிருந்தது. கண்ணை மூடும்போது விலை ஒண்ணும் சொல்லலை. நல்ல கையில குடுன்னு மட்டும் சொன்னார்.”

மெக்கானிக் தன்னிடம் இருந்த கால் பங்கைச் சொன்னார். அம்மா சரியென்று தலையசைத்தார்.

எஞ்சினைப் பொதியத் தொடங்கினார். புகைபோக்கி ஒடிந்துவிடக் கூடாதென்று வெட்டுத்துணியைச் சுருட்டி முட்டுக் கொடுத்தார். ரொம்ப தூரம் போகணுமா, பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்குமா என்று விசாரித்தார். ஒரு சொம்பு தண்ணீரும் கொண்டுவந்து வைத்தார்.

சொம்பை எடுத்த மெக்கானிக் குடிக்காமலே கீழே வைத்தார். தெரிந்தே தலையில் கட்டியவனைப் பாவி என்றால், தெரிந்தே தட்டிக்கொண்டு போகிறவனை என்னவென்று சொல்வது? மேலே இருப்பவனுக்கு எஞ்சின் அறைக்குள்ளும் கண் உண்டு.

தன் மேலேயே எரிச்சலோடு எழுந்தார். பொதியைப் பிரித்தார். எஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்து, சுவிட்சை இரண்டுக்குத் தள்ளினார்.

எஞ்சின் கடகடவென்று மேசையின் விளிம்பை நோக்கி ஓடியது. விழுவதற்குள் அதைப் பிடித்து நிறுத்தியது தையல்காரம்மாவின் கை. அது முன்பே அங்கே காத்திருந்தது.

“இது நல்லா ஓடுதும்மா. நான் சொன்ன விலையில நாலு மடங்கு கேளுங்க. சாயங்காலம் அந்த மீசைக்காரர் வந்தாலும் குறைக்காதீங்க” என்றார் மெக்கானிக். “எங்கிட்ட அவ்வளவு இல்ல. நான் வர்றேன்.”

வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாமே என்று மனம் குமைந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. இன்றைக்கும் வெறும் பையோடு போய் நின்றால் மனைவி என்ன சொல்வாரோ என்று நினைத்தபடி செருப்பில் காலை நுழைத்தார்.

நிமிர்ந்தபோது எதிரில் தையல்காரம்மா நின்றார். பொதி மறுபடி கட்டப்பட்டு அவர் கையில் இருந்தது.

“நீங்க சொன்ன விலைக்கே எடுத்துட்டுப் போங்க சார்.”

“ஐயோ, வேணாம்மா. சுவிட்ச் விஷயம் தெரியாம நீங்க ஒத்துக்கிட்ட விலை அது.”

தையல்காரம்மா முதல் தடவையாகச் சிரித்தார். பொதியை மெக்கானிக்கின் பைக்குள் பத்திரமாக இறக்கி வைத்தார்.

“வந்த ஆறு பேருக்கும் அதை ஒண்ணுல தள்ளி வச்சதே நான்தான் சார்.”