ஆடுகிற பெஞ்ச்

"கொஞ்ச தூரம்னுதானே சொன்னீங்க?" என்று ஒரு மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான் லிஃப்ட் மெக்கானிக்.

"கொஞ்ச தூரம்தான். ஊரையே மாடிக்கு ஏத்தி விடுறவருக்கு இந்த மேடு ஏற முடியலையா?" என்றாள் மருந்துக்கடைப் பெண்.

"ஏத்தி விடுறதுதாங்க என் வேலை. ஏறுறது இல்லை."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக இன்னொரு மலையைக்கூட ஏறிவிடலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

இரண்டு வருஷத்துக்கு முன் மருந்துக்கடைக் கட்டடத்து லிஃப்ட் பாதியில் நின்றபோது, உள்ளே மாட்டிக்கொண்டவள் அவள். கதவைத் திறந்துவிட்டவன் அவன். அன்றிலிருந்து அந்த லிஃப்டுக்குச் சுக்கிர திசைதான். ஒரு கோளாறும் இல்லாமலே வாரா வாரம் எண்ணெய் போட வந்துவிடுவான். வந்தவன் மருந்துக்கடையில் நின்று தலைவலி மாத்திரை வாங்குவான். சொல்ல வந்ததை மட்டும் சொல்லாமல் போவான். அவன் வீட்டில் சேர்ந்திருக்கிற மாத்திரைக்கு ஊருக்கே தலைவலி வந்தாலும் சமாளிக்கலாம்.

இன்றைக்குச் சொல்லியே தீருவது என்று கிளம்பியிருந்தான். இடம்கூட அவள் சொன்னதுதான். காட்டு வழியே ஏறினால் மலை விளிம்பில் ஒரு பெஞ்ச், ஈ காக்கை இருக்காது, நிம்மதியாகப் பேசலாம் என்றாள்.

நடந்துகொண்டே அவள் சாவகாசமாகச் சொன்னாள். "அண்ணன் ஒரு வரன் பார்த்திருக்கார். பல் டாக்டராம். இன்னைக்கு ராத்திரிக்குள்ள பதில் சொல்லணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறார்."

அவனுக்கு எல்லாப் பல்லும் ஒரே நேரத்தில் வலித்தது.

"நீங்க... என்ன சொல்லப் போறீங்க?"

"பார்ப்போம். வேற யாராவது கேட்டா அதையும் யோசிக்கலாம்."

விளிம்புக்கு வந்ததும் காடு சட்டென்று விலகி, கீழே பள்ளத்தாக்கு பச்சையாக விரிந்தது. ஒரு சத்தமும் இல்லை. அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, மனப்பாடம் செய்திருந்ததை எடுத்தான்.

"நான் உங்ககிட்ட ரொம்ப நாளா..."

பெஞ்ச் ஆடியது.

"ரொம்ப நாளா..." மறுபடி ஆடியது.

அதோடு போயிற்று. ஆடுகிற ஒன்றின் மேல் உட்கார்ந்துகொண்டு காதல் என்ன, கடவுளிடம் வரம்கூட அவனால் கேட்க முடியாது. குனிந்து பார்த்தான். அவள் பக்கத்துக் காலில் ஒரு போல்ட் கழன்று நின்றது.

"ஒரு நிமிஷம் எந்திரிங்க, முடுக்கிடறேன்."

"நான் எந்திரிக்க மாட்டேன். கால் வலிக்குது. இப்படியே முடுக்குங்க."

வேறு வழியில்லை. அவள் முன்னால் முட்டி போட்டான். பேன்ட் பையில் எப்போதும் இருக்கும் ஸ்பேனரை எடுத்து முடுக்கினான். பிறகு தலையை நிமிர்த்தி, "இப்போ ஆடுதா?" என்று கேட்க வாயைத் திறந்தான்.

அதற்குள் புதரிலிருந்து கேமராவோடு ஓர் ஆள் பாய்ந்து வந்தார்.

"சூப்பர் சார், அப்படியே இருங்க! எத்தனையோ பேர் மோதிரத்தோட கேட்டுப் பார்த்திருக்கேன், ஸ்பேனரோட கேட்ட முதல் ஆள் நீங்கதான். மேடம், பதில் சொல்லுங்க."

"சம்மதம்" என்றாள் அவள், சிரித்தபடி முகத்தைக் கையால் மூடிக்கொண்டு.

படபடவென்று படங்கள் விழுந்தன. மெக்கானிக் முட்டி போட்டபடியே பே என்று விழித்தான். "கீழே காத்துக்கிட்டிருக்கேன் சார், படத்தை வந்து பாருங்க" என்று அந்த ஆள் வந்த வேகத்தில் இறங்கிப் போய்விட்டார்.

மெக்கானிக்குக்குக் கால் தரையில் பாவவில்லை. இரண்டு வருஷமாகத் தொண்டையில் நின்றது, வாயைத் திறக்காமலே முடிந்துவிட்டது. பல் டாக்டர் அவுட். யாரோ வேறொரு ஜோடிக்காக வந்த போட்டோகிராபர், ஆள் தெரியாமல் இவனைக் கரையேற்றிவிட்டார். இனி வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

ஆனால் அவன் எப்படிப்பட்ட ஆள் என்றால், சரியாக ஓடாத லிஃப்டை ஓடுகிறது என்று சொல்லி ஒரு பூனையைக்கூட ஏற்ற மாட்டான்.

"ஒரு விஷயம் சொல்லணும்" என்றான். "நான் அதுக்காக முட்டி போடலை. நிஜமாவே போல்ட்டைத்தான் முடுக்கினேன். அந்த ஆள் வேற யாருக்கோ வந்தவர். அதனால நீங்க சொன்ன சம்மதம் செல்லாது."

அவள் சிரிப்பு நின்றது. இருந்தும் அவன் விடவில்லை.

"இப்போ கேக்குறேன். போல்ட்டுக்காக இல்லை, உனக்காக. என்னைக் கட்டிக்கிறியா?"

முதல்முறையாக அவளை 'நீ' என்று சொல்லியிருந்தான். அவள் பள்ளத்தாக்குப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரும்பியபோது கண் கலங்கியிருந்தது.

"இதைக் கேக்க இரண்டு வருஷமா? போன ஞாயித்துக்கிழமை இங்க ஏறி வந்து, கை வலிக்க வலிக்க அந்த போல்ட்டைக் கழட்டி வச்சதே நான்தான்."

அவன் பெஞ்சைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "அப்போ அந்தப் பல் டாக்டர்?"

"அப்படி யாரும் இல்லை. வாங்க இறங்கலாம், போட்டோ எடுத்தவர் கீழே காத்துக்கிட்டிருப்பார். அவரைப் போய் சார் மோர்னு கூப்பிடாம, வாய் நிறைய 'மச்சான்'னு கூப்பிடுங்க."