கிராண்டில் இரண்டு பெயர்

"எங்க நெலத்த நோண்டுறியாமே?"

தேங்காய் வெட்டும் கத்தியைக் கீழே வைக்காமலே கேட்டார் தனபாலன். சூலியா தெருவை ஒட்டிய சந்தில் அவருடைய மளிகைக் கடை. கல்லாவில் இருந்த மகள் ரூபினி, வெற்றிலைக் கட்டைப் பிரிப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டாள்.

எதிரில் ஷர்வின் நின்றான். மாக் மண்டின் தொழிற்சாலையில் மூன்று நாள் லீவு போட்டு, நில அலுவலகத்துக்கு நடையாய் நடந்து வாங்கிய கிராண்ட் பட்டாவின் நகல் அவன் கையில் இருந்தது.

"புக்கிட் மெர்தாஜாம்ல எங்க தாத்தா வாங்கின நெலம் அது. அதோட கிராண்ட நீ எதுக்குத் தேடுற? பங்கு கேக்கவா?"

"ஐயோ, ஒரு சாண் மண்ணுகூட வேணாம் அங்கிள்! போன மாசம் பொண்ணு கேட்டு வந்தப்ப என்ன சொன்னீங்க?"

"சொந்தத்துல மட்டுந்தான் குடுப்போம்னு சொன்னேன். இப்பவும் அதான். யாரு எவருன்னு தெரியாத எடத்துல எல்லாம் முடியாது லா."

"சொந்தம்னு காட்டிட்டா?"

"காட்டு பாப்போம். அடுத்த வாரமே பரிசம் போட வரச் சொல்றேன்."

ஷர்வின் நகலைக் கல்லா மேல் விரித்தான். "எங்க வீட்டு அலமாரியில ஒரு பழைய நில வரி ரசீது கெடச்சிச்சு. பாத்தா, உங்க நெலத்தோட லாட் நம்பரும் அதேதான்னு ரூபினி சொன்னா. அதான் தேடிப் போனேன். இது 1936 கிராண்டு. வாங்கினது ரெண்டு பேரு. வீராசாமி, உங்க தாத்தா. காத்தமுத்து, எங்க கொள்ளுத்தாத்தா. அவரு பங்க அப்பவே வித்துட்டு பட்டர்வொர்த் போயிட்டாரு."

"அதனால?"

"ரெண்டு பேருக்கும் அப்பா பேரு என்னன்னு படிங்க."

தனபாலன் மூக்குக் கண்ணாடியை மாட்டினார். முதல் பெயருக்குப் பக்கத்தில் பிச்சைமுத்து. இரண்டாவது பெயருக்குப் பக்கத்திலும் பிச்சைமுத்து. கத்தி தானாகக் கீழே இறங்கியது.

"கோவிச்சுட்டுப் போன தம்பி ஒருத்தர் தாத்தாவுக்கு இருந்தாருன்னு எங்கப்பா சொல்லுவாரு. அவரா இவரு!" கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்ப்பா, காத்தமுத்து உனக்கு அம்மா வழியா, அப்பா வழியா?"

"அப்பா வழி! எங்கப்பாவுக்கு அப்பா, அவருக்கு அப்பா. ஸ்ட்ராங் சொந்தம் லா, மாமா!"

உரிமையோடு வந்து விழுந்த அந்த 'மாமா'வைக் கேட்டு ரூபினி முதல்முறையாக நிமிர்ந்து சிரித்தாள்.

தனபாலன் கல்லாவைச் சுற்றி ஓடி வந்து, கண் கலங்க அவனைக் கட்டிக்கொண்டார்.

"மாமா இல்லடா கண்ணு... பெரியப்பா!"