இனிஷியல்

இருவரும் ஒருவரா என்று கணினி காலையிலிருந்து மூன்று முறை கேட்டுவிட்டது. புற்றுநோய்ப் பதிவேட்டில் ஒரே ஆள் இரண்டு தடவை ஏறியிருந்தால் கண்டுபிடித்து ஒன்றாக்குவதுதான் ஜெசிந்தாவின் வேலை. க. மரகதம், சு. மரகதம். ஒரே பிறந்த தேதி, இருவருக்கும் நோய் இடது மார்பில். ஆனால் க. மரகதம் ஐந்து வருடத்துக்கு முன்பே இறந்திருந்தாள், சு. மரகதம் போன மாதம்தான் பரிசோதனைக்கு வந்து போயிருந்தாள். இறப்பைத் தெரிவித்தவர்: தங்கை, போனில். கேட்டு எழுதிக்கொண்டவள் ஜெசிந்தாவேதான். இருப்புக்கொள்ளாமல் இரண்டு முறை எழுந்து உட்கார்ந்தவள், கடைசியில் சு. மரகதத்தின் எண்ணை அழைத்தாள்.

“புற்றுநோய்ப் பதிவேட்டுலருந்து பேசுறேன். க. மரகதம்னு யாரையாச்சும் தெரியுமாக்கா?”

மறுமுனையில் குரல் தணிந்து வந்தது. “‘க’ என் வீட்டுக்காரர் இனிஷியல்மா. இப்ப போடுறது எங்கப்பாவோடது.”

“அப்போ, செத்துட்டாங்கன்னு சொன்ன தங்கச்சி?”

“எனக்கு ஏதும்மா தங்கச்சி? நான்தான் பேசினேன். நான் விட்டுட்டு வந்த அந்த வீட்டுக்கு ஆஸ்பத்திரிக் கடுதாசி போறது நிக்கணும்னு. நீங்ககூட அழாதீங்கக்கான்னு சொன்னீங்க.”

இரண்டு பதிவுகள் இருப்பதையும், ஒரே ஆள் என்றால் ஒன்றாக்க வேண்டும் என்பதையும் ஜெசிந்தா சொன்னாள்.

“ரெண்டையும் ஒண்ணாக்கிட்டா மறுபடியும் அங்க கடுதாசி போகுமாம்மா? அவரு இன்னும் தேடிக்கிட்டுதான் இருக்காரு.”

ஜெசிந்தா கணினியின் கேள்விக்கு ‘இல்லை’யை அழுத்தினாள். உடனே ‘காரணம்’ என்று ஒரு கட்டம் திறந்தது. காலியாக விட்டால் மேலே நகராது. ‘ஒருவர் இறந்துவிட்டார்’ என்று அடித்தாள். அடித்த பிறகும் போனை வைக்க மனம் வரவில்லை. மறுமுனையிலும் வைக்கவில்லை.