பைக்குள் சிவப்பு

"அன்ரி, கதவைத் திறவுங்கோ. மெல்ல. அம்மாவுக்குக் கேக்கக் கூடாது."

ஓய்வுபெற்ற நேர்ஸ் றோசம்மா லாம்பைத் தூண்டிக்கொண்டு கதவைத் திறந்தார். பக்கத்து வீட்டு மீனலோசனி, துவாயால் மூடிய பையோடு நின்றாள்.

அவளுக்குப் பதினேழு வயது. இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, இந்தியாவில் வயிற்றில் குழாய் வைத்து நான்கு வருடம். தினமும் நாலு தரம் மருந்துத் தண்ணீரை வயிற்றுக்குள் விட்டு, சில மணி நேரம் கழித்துப் பைக்குள் வடிக்க வேண்டும். லண்டன் சித்தப்பா அனுப்பும் பைகள் வள்ளமேறி நெடுந்தீவு வந்து சேரும்.

"படுக்க முந்தி வடிச்சனான். பாருங்கோ."

துவாயை விலக்கினாள். தண்ணீர் சிவந்திருந்தது.

"ரத்தம், அன்ரி! கனகாலம் செய்தால் உள்சவ்வு பழுதாகும், குழாயைக் கழட்டோணும் எண்டு டொக்டர் சொன்னவர். கழட்டினால், ரத்தம் சுத்திகரிக்கிற மிசினுக்கு இந்தத் தீவில இருந்து நான் எங்க போறது?"

"பொறு, பொறு. காய்ச்சலோ?"

"இல்லை."

"வயித்தைத் தொட்டால் நோகுதோ?"

"இல்லை. இடுப்புத்தான் உளையுது. ஒருநாளும் கை கழுவாமல் பை மாத்தேல்லை அன்ரி, சத்தியமா!"

"உன்னை ஆர் கேட்டது? கை கழுவிக் கழுவியே கிணத்தை வத்தப்பண்ணினனி நீ."

றோசம்மா பையை லாம்புக்கு நேரே தூக்கிப் பிடித்தார். சுவரில் இருந்த கலண்டரின் எழுத்து அதனூடாகத் தெளிவாகத் தெரிந்தது.

"கலங்கேல்லை. கிருமி பிடிச்சிருந்தால் கஞ்சித்தண்ணி மாதிரியெல்லோ வரும்."

பிறகு குனிந்து அவள் காதுக்குள் ஏதோ கேட்டார். மீனலோசனி விம்மியபடியே தலையாட்டினாள்.

"ஓம். சாகப்போறனோ, அன்ரி?"

"விசர்க்கதை கதையாத. இதில இரு."

றோசம்மா செருப்பை மாட்டினார்.

"வள்ளக்கார அரியநாயகம் அண்ணையையோ எழுப்பப் போறியள்?"

"டொக்டரிட்டக் காலமை போவம். இப்ப வேற ஆள் தேவை."

லாம்போடு ஒழுங்கையைக் கடந்து, மீனலோசனியின் மாமி வீட்டுப் படலையைத் தட்டினார்.

"நாகபூசணி, எழும்பும்! இந்த வருத்தத்தோட ஒருநாளும் வராதெண்டு டொக்டர்மார் கைவிட்டது வந்திட்டுது. உம்மட மருமேள் பெரியபிள்ளையாகிட்டாள். அந்த ரத்தம் வயித்துக்குள்ளயும் கசிஞ்சு பைத்தண்ணி சிவந்ததில பிள்ளை பயந்துபோனாள். குழாய் நனையாமல் எப்பிடித் தண்ணி வாக்கிறதெண்டு யோசிச்சுக்கொண்டு வாரும்!"