பேருக்கு நேரே

“எனக்குரியதை அவளுக்குக் கொடுத்திருக்கே. அவளோடதை என் தலையில கட்டியிருக்கே. யாருப்பா உனக்குச் சொல்லிக் கொடுத்தா?”

மேனேஜர் முரளீதரன் போட்ட சத்தத்தில், புடவை மடித்துக்கொண்டிருந்த பெண்களின் கைகள் அப்படியே நின்றன. சாஃப்ட்வேர் போட வந்த குரு மவுஸை விட்டுவிட்டு எழுந்து நின்றான்.

அன்றுதான் அந்தப் பட்டுக் கடைக்குப் புது பில்லிங் சாஃப்ட்வேர் வந்திருந்தது. யார் திரையில் எந்தக் கட்டம் தெரியலாம், எது மறைய வேண்டும் என்பதை ஒரே ஒருவர்தான் மாற்ற முடியும். அந்த ஒருவர் யார் என்று முதலாளி பெங்களூரிலிருந்து போனில் குருவிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

சாஃப்ட்வேர் வரப்போகிறது என்று கேட்டதிலிருந்தே முரளீதரனுக்குக் கொள்முதல் விலைக் கட்டத்தைப் பற்றி ஒரு கவலை. இத்தனை காலமும் அந்த விலை முதலாளிக்கும் அவருக்கும் மட்டுமே தெரியும். அதுவும் கைவிட்டுப் போனால் மேனேஜர் என்ற பேர்தான் மிச்சம்.

“முதலாளி சொன்ன மாதிரிதான் சார் போட்டேன்.”

“சொல்லியிருக்கவே மாட்டார். அவருக்கு எங்காத்தைப் பத்தி நன்னாத் தெரியும்.”

பில் போடும் ஸௌம்யா தன் கம்ப்யூட்டரை விட்டுத் தலையைத் திருப்பவில்லை. அதுவே அவருக்கு உறுத்தியது. காலையில் இவளும் குருவும் எதையோ சொல்லிச் சிரித்ததும், அவரைக் கண்டதும் சட்டென்று வாயை மூடிக்கொண்டதும் நினைவுக்கு வந்தன.

“காலம்பற ரெண்டு பேரும் என்ன சிரிப்பு?”

“அது... நேத்து நீங்க மவுஸைத் தலைகீழா புடிச்சுக்கினு இருந்தீங்கன்னு இவங்கதான் சார்...”

“ஓஹோ! அதான் இப்படித் தலைகீழா மாத்திப் போட்டேளா?”

“சார், இப்ப போட்டிருக்கிறதுதான் உங்களுக்கு நல்லது. நான் சொல்றதைக் கொஞ்சம்...”

“எனக்கு எது நல்லதுன்னு தென்னேரி கிராமத்திலேர்ந்து வந்து நீ சொல்றியா? பரம்பரையா வந்ததுப்பா இது. இதுக்காக எங்க பெரியவா கோர்ட் வரைக்கும் போயிருக்கா!”

“கோர்ட்டா? இன்னிக்கித்தானே சார் சாஃப்ட்வேரே வந்துது!”

முரளீதரன் ஸௌம்யாவின் பக்கம் திரும்பினார். “நீ சொல்லு. இதுல உனக்குப் பங்கு இல்லையா?”

“பெருமாள் சத்தியமா இல்லை மாமா. நீங்க சொல்றபடியே மாத்தச் சொல்லுங்கோ. எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை.”

இவள் இவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுப்பவள் இல்லையே! அவருடைய சந்தேகம் இன்னும் ஒரு சுற்று இறுகியது.

குரு பெங்களூருக்குப் போன் போட்டான். “கடையில சண்டை வேணாம்பா. முரளி எப்படிக் கேக்கிறாரோ அப்படியே பண்ணிக் குடு,” என்று முதலாளி வைத்துவிட்டார்.

“இன்னொரு தடவை யோசிச்சுக்கோங்க சார். அப்பால என்னைக் குத்தம் சொல்லக் கூடாது.”

“மிரட்டறியா? மாத்துடா!”

குரு பெருமூச்சு விட்டுக்கொண்டு இருவர் பேருக்கும் நேரே இருந்த எழுத்துகளை மாற்றித் தட்டினான்.

முரளீதரன் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு திரையருகே குனிந்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

“இப்பத்தான் பார்க்க லட்சணமா இருக்கு. தென்கலை ஆத்துப் பொண்ணுக்கு Y நாமம், வடகலை எனக்கு U நாமம். இதைப் போய் மாத்திப் போடலாமோ?”

“ஐயோ, நாமம் இல்ல சார்! Y-ன்னா யெஸ், எல்லாத்தையும் மாத்தற உரிமை. U-ன்னா வெறும் யூஸர்...” என்று குரு சொல்லி முடிப்பதற்குள், ஸௌம்யா மவுஸை ஒரு தட்டுத் தட்ட, முரளீதரனின் திரையிலிருந்து கொள்முதல் விலைக் கட்டம் காணாமல் போயிற்று.